வலப்பக்க மாடத்தில் தீப்பெட்டி

அன்புள்ள மதினி,

போன வாரம் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தோம். கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாளைக்கு ஓர் அறை. பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நான் பாட்டுக்குக் கதவுக்கு வலப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். "என்னத்தத் தேடுற?" என்றார் உங்கள் தம்பி. "தீப்பெட்டி" என்றேன். "எங்கக்கா வச்சிட்டுப் போன வீடா இது?" என்று சிரித்தவர், சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார். நீங்கள் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

ராஜா ஆட்சியும் சமஸ்தானமும் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தபோது நடந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. உங்கள் தம்பி என்னைக் கட்டி, ஆவூரில் கோயில் தெருவில் இரண்டு அறையும் ஓர் அடுப்படியுமாக ஓட்டுவீடும் கட்டி, அதில் குடிபோவதற்குள் மலாயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். "நா வந்ததும் பால் காய்ச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை நான் பழைய வீட்டில் உங்களோடு இருக்க வேண்டியது. கல்யாணமான எட்டாம் மாதமே புருஷனைப் பறிகொடுத்துத் தாய்வீடு திரும்பியிருந்த நாத்தனாரான நீங்களும், புதுப்பெண்ணான நானும் ஒரே கூரையின் கீழ். ஒரு வாரத்தில் சண்டை வரும் என்று தெருவே காத்திருந்தது. மூன்று மாதம் ஏமாற்றினோம்.

அப்புறம் பாஸ்கா வந்தது, ஏசுநாதர் பட்ட பாடுகளை நாடகமாக நடத்தும் திருவிழா. ஈஸ்டருக்கும் தேருக்கும் திருச்சியிலிருந்தும் பொன்மலையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள்; நாலைந்து நாள் தங்க வீடு கேட்பார்கள். ஊரில் காலியாகக் கிடக்கிற வீட்டையெல்லாம் திறந்துவிடுவது வழக்கம். நீங்கள் என் வீட்டுச் சாவியைக் கையில் எடுத்தீர்கள்.

"பூட்டியே கெடந்தா கரையான்தான் குடியிருக்கும். நாலு சனம் பொழங்கட்டும்."

நான் இன்னும் பால் காய்ச்சாத அடுப்பில், பேர் ஊர் தெரியாத ஒருத்தி முதல் தீயைப் போடுவதா? வாய்விட்டுச் சொன்னால் அற்பமாகத் தெரியும் என்று சொல்லவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். விருந்தாளி போய் வந்த அந்த வீட்டு வாசலை, உங்கள் தம்பி வரும்வரை மிதிப்பதில்லை என்று வீம்பும் பிடித்தேன்.

நீங்கள் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் கூடையை எடுத்து வைத்தீர்கள். உப்பு, புளி, வரமிளகாய், ஒரு கட்டு விறகு, புதுப்பானை, பாய்கள், சீமெண்ணெய் ஊற்றிய அரிக்கேன் விளக்கு, சீயக்காய், விளக்குமாறு, மந்திரித்த தண்ணீர் ஒரு சின்னக் குப்பியில். "நாலு நாளுன்னாலும் அது குடித்தனம்தான். ஒண்ணொண்ணுக்கும் அடுத்த வீட்ல கையேந்த விட்டா, அது வீடு குடுத்ததா?" என்பீர்கள். தீப்பெட்டிக்குத்தான் தனி மரியாதை. பழைய வீட்டு வாசலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே நுழைந்து, கை தானாக எங்கே போகிறதென்று பார்ப்பீர்கள். வலப்பக்க மாடத்துக்குத்தான் போகும்; அந்த வீட்டிலும் அதே பக்கம் வைப்பீர்கள். "புது எடத்துல கை மொதல்ல தேடுறது இதத்தான்." எனக்குச் சிரிப்பு வரும். கோபத்தில் இருந்ததால் சிரிக்க மாட்டேன்.

பழைய வீட்டுக் கொல்லையில் நின்றால், என் வீட்டுப் பக்கம் புகை எழும்புவது தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததில், இரண்டாம் வருஷம் ஒரு கேவலமான வேலை செய்தேன். நீங்கள் கட்டி வைத்த கூடையிலிருந்து உப்புச் சட்டியை எடுத்து நெல்லுக் குதிருக்குப் பின்னால் ஒளித்தேன். அது பெரிய வெள்ளி. மறுநாள் காலையில், அந்த வீட்டில் தங்கியிருந்த பொன்மலைக்கார அம்மா ஒரு கொட்டாங்குச்சியோடு வந்து நின்றது.

"கொஞ்சம் உப்பு வேணுங்க. நேத்து ஒருசந்தி வெரதம் முடிச்சுக் கஞ்சி வச்ச பெறகுதான் பாத்தேன். வெளக்கு வச்ச நேரத்துல உப்பு கேக்கக் கூடாதுல்ல, புள்ளைகளுக்கு அப்படியே ஊத்திட்டேன். பெரிய வெள்ளிதானே, ஒண்ணும் தப்பில்லங்க."

நீங்கள் நேராகக் குதிருக்குப் பின்னால் போய்ச் சட்டியோடு எடுத்துக் கொடுத்தீர்கள். அந்த அம்மா போனபிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னீர்கள்.

"ஒங் கோவம் எம்மேல. அத எதுக்குத்தா அந்தப் புள்ளைக கஞ்சியில காட்டுற?"

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவு திமிர்.

மூன்றாம் பாஸ்கா முடிந்த பத்தாம் நாள் உங்கள் தம்பி வந்து சேர்ந்தார். மறுநாள் விடிந்ததும் பால் சொம்போடு மூவரும் அந்த வீட்டுக்குப் போனோம். அடுப்படிக்கு மட்டும் தனிப்பூட்டு போட்டிருந்தது. முந்தானையில் முடிந்திருந்த சாவியை நீங்கள் என்னிடம் தந்தீர்கள்.

திறந்தேன். உள்ளே மெழுகிய தரை. சுண்ணாம்பு அடித்த சுவர். அடுப்பில் ஒரு பொட்டுக் கரி இல்லை. பிடித்துவைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பக்கத்தில் நிறைகுடமும் உப்புச் சட்டியும். பின்கதவைத் திறந்து பார்த்தேன். கொல்லையில் ஒரு கீற்றுச் சாய்ப்பு. அதில் மூன்று கல் கூட்டிய அடுப்பு, மூன்று பாஸ்காவின் கரியோடு. நான் பழைய வீட்டுக் கொல்லையில் நின்று வயிறெரிந்த புகையெல்லாம் அங்கிருந்து எழும்பியதுதான்.

"ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"நீ கேட்டியா? மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தவகிட்ட என்னத்தச் சொல்ல? பத்த வையித்தா, பாலு திரிஞ்சிரப் போகுது."

வலப்பக்க மாடத்துக்கு என் கை தானாகப் போனது. பிரிக்காத தீப்பெட்டி. பற்ற வைத்தேன், பால் பொங்கியது. நீங்கள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று பார்த்தீர்கள். "நல்ல காரியம், நா எதுக்கு உள்ள" என்றீர்கள். நானும் உள்ளே கூப்பிடவில்லை. வாசலுக்கு வந்துதான் உங்களுக்குப் பால் கொடுத்தேன்.

உங்களுக்கென்று ஓர் அடுப்பு வாய்க்கவே இல்லை. அதனால்தான் என் அடுப்பை மூன்று பாஸ்காவிலும் பூட்டிக் காத்தீர்கள். எனக்கு இது புரிய நாளாயிற்று. அன்றைக்கு அந்தத் தீப்பெட்டியை உங்கள் கையில் கொடுத்து, "நீங்க பத்த வைங்க மதினி" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் ஒரே தெருவில் இருந்தோம். ஒருநாளும் சொல்லவில்லை.

வேளாங்கண்ணியில் அறையைக் காலி செய்யும்போது கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தேன். அங்கே மாடம் இல்லை; வலப்பக்க ஜன்னல் கட்டையில், கை எட்டுகிற இடத்தில் வைத்தேன். "அடுத்து வாரது யாருன்னே தெரியாது, அவுகளுக்கு எதுக்கு?" என்றார் உங்கள் தம்பி. பெட்டியைப் பிரிக்காமல்தான் வைத்தேன், மதினி. முதல் குச்சி வருகிறவளுக்கு.

உங்கள்
ஆரோக்கியம்