தளர்த்திக் கட்டிய துணி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். கணக்கு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, மாமா கண்ணில் படக்கூடாது.

நீ பிரசவத்துக்கு வந்திருந்தபோது, அம்மா மல்லாட்டைச் செடி பிடுங்க ஊருக்குப் போன ஒன்பது நாளும் உனக்கு வயிற்றுத்துணி கட்டிவிட்டது நான்தானே. "இறுக்கிக் கட்டுடி, இல்லன்னா வயிறு தொங்கிடும்" என்று அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் வேண்டுமென்றே தளர்த்திக் கட்டினேன்.

எல்லாரும் உன்னை அழகு என்பார்கள். என்னைப் பார்த்து, "இவ அவ தங்கச்சியா?" என்பார்கள். உன் இடுப்பாவது கெட்டுப்போகட்டும் என்று நினைத்தேன். நீயோ, "உன் கட்டுதான்டி மூச்சு விட வசதியா இருக்கு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய்.

நேற்று பெரிய கோயிலில் உன் மாமியார், "இன்னும் ஒண்ணு உள்ள இருக்குதா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டபோது நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். நீ சிரித்தாய். "உங்க பேரன் குடியிருந்த வூடு அத்த. அவன் காலி பண்ணதும் இடிச்சிடணுமா?" என்றாய். பிறகு மண்டபத்தில் சாய்ந்து அவனை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டாய். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவனுக்கு முன்னால் அங்கே தலைவைத்துத் தூங்கியவள் நான். அப்போது உன் எலும்பு குத்தும்.

அம்மாவிடம் சொல்லாதே, தோலை உரித்துவிடுவாள். நீ வேண்டுமானால் அடி. ஆனால் அடுத்த முறை வரும்போது, அவன் தொட்டிலில் இருக்கும் நேரம், ஒரே ஒரு தடவை என்னையும் அங்கே தலைவைக்க விடு.

இப்படிக்கு,
உன் கெட்ட தங்கை