வீட்டு உறுதி போனில் திறக்காத கதை

சாய்ந்தமருது.

அன்பு மகன் அஹ்ஸனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் உம்மா றுகையா எழுதுகிறேன். இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி பஸ்மினாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். டோஹாவில் நீயும் சுகம் என்று உன் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது அப்படியே இருக்கவேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் துஆக் கேட்கிறேன், ஆனால் அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, பிறகு அதற்கு வருகிறேன். போன் இருக்கும்போது உம்மா ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கேட்டால் இன்டர்நெற் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவாய், கடதாசிக்கு நெற் தேவையில்லை. லீவு முடிந்து திரும்பும் பக்கீரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உறையைச் சுற்றிவரப் பசை போட்டு, ஒட்டின இடத்தில் குறுக்காக என் பெயரை எழுதியிருக்கிறேன், அந்த எழுத்து விலகியிருந்தால் யாரோ பிரித்து வாசித்திருக்கிறார்கள் என்று விளங்கிக்கொள். பக்கீர் உன்னோடு ஒரே அறையில் இருப்பவர், நல்ல மனிதர்தான், ஆனாலும் பார்த்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. வாப்பாவுக்கு முழங்கால் நோவு குறைவு என்று அவர்தான் சொல்கிறார், பள்ளிவாசலிலிருந்து வரும்போது யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறிவந்து சந்தியில் இறங்கி அங்கிருந்து நடந்து வருகிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. பஸ்மினாவின் கலியாணத்தை ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வைப்பது என்று இரண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று. மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். வந்தவர் யன்னல் சட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார், பிறகு தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, வீடு இன்னும் மகன்ட பேர்லதானாமே இரிக்கி, அவர் எழுதிக் குடுக்கிறது நிச்சயந்தானே என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை, மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து குடியிருக்கவேண்டும். வளவுக் காணியை வாங்கினது நீ, வீட்டைக் கட்டினது நீ, அது உன் பெயரில் இருப்பது ஊருக்கே தெரியும். ஓம், கடதாசியெல்லாம் மகன் அனுப்பியாச்சு என்று சொன்னேன். சொன்ன நேரத்தில் அந்தக் கடதாசியில் ஒரு பக்கத்தையும் நான் கண்ணால் கண்டிருக்கவில்லை.

நீ அனுப்பியது உண்மைதான். உனக்குப் பதிலாக வாப்பா இங்கே கையெழுத்து வைப்பதற்கான அற்றோர்னித் தத்துவம், காணியின் பழைய உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒரே ஸிப் கட்டாக அனுப்பினாய், உறுதி எழுதும் நொத்தாரிசு பார்த்துச் சரி என்றால் ஒரிஜினலை அனுப்புவதாகச் சொன்னாய். வந்ததைத் தொட்டேன், திறக்க முடியாது என்று காட்டியது. மீண்டும் தொட்டேன், எதைக்கொண்டு திறக்க என்று போன் என்னையே கேட்டது. பஸ்மினா எங்கேயோ விளம்பரத்தில் கண்ட ஆவணம் பார்க்கும் ஆப் ஒன்றை இறக்கினாள், அது எங்கள் படங்களைப் பார்க்கட்டுமா, பெயர்களையும் நம்பர்களையும் பார்க்கட்டுமா என்று அனுமதி கேட்டது. கடதாசி வாசிக்க வந்தவனுக்கு என் சொந்தக்காரர்களின் நம்பர் என்னத்துக்கு. அந்த நிமிடமே அழிக்கச் சொன்னேன், அழித்த பிறகும் இரண்டு நாள் போனைத் துணியால் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அடுத்து இறக்கியது கொஞ்சம் மரியாதையானது, உள்ளே இருப்பவற்றின் பெயர்களை வரிசையாகக் காட்டியது, ஆனால் தொட்டால் வெள்ளைப் பக்கம், எல்லாமே வெள்ளைப் பக்கம். உன்னிடம் கேட்டால் நீ வொய்ஸ் போட்டாய், உம்மா, முதல்ல ஸிப்பப் பிரிங்க, மறுகா உள்ளுக்கு இரிக்கிற பீடிஎப்பத் திறங்க என்று. நீ மறுபடி அனுப்பினாய், மறுபடியும் வெள்ளை.

மகன், நான் மறைத்துப் பேசப்போவதில்லை. எனக்கு உன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு முன்பெல்லாம் நீ எழுத்தில் அனுப்புவாய், இரவில் முகம் காட்டிக் கதைப்பாய். பெருநாள் கழிந்ததிலிருந்து எல்லாம் வொய்ஸ்தான், நீளம் நீளமாக. படத்தில் வா என்றால் நெற் இல்லை என்கிறாய், வொய்ஸ் வரும் நெற்றில் முகம் ஏன் வராது. தங்கச்சிக்கு வீட்டை எழுதிவிட்டு நாளைக்கு நீ என்ன செய்வாய் என்று யாரோ அங்கே உன் காதில் ஓதிவிட்டார்கள், இல்லை என்று சொல்ல வாய் வராமல் வெறும் பக்கத்தைக் கட்டி அனுப்புகிறாய் என்று நினைத்தேன். ஓதினது பக்கீராகத்தான் இருக்கும் என்றும் முடிவுகட்டினேன். லீவில் வந்தவர் நம் வீட்டுக்கும் வந்தபோது, என்ட மகன் சுகமா இரிக்காரா என்று கேட்டேன். ஓம் ஓம், நல்லா இரிக்கார் என்றார். ஒரு ஓம் போதுமான இடத்தில் இரண்டு ஓம். இறைச்சிக் கறியிலும் கையை வைத்துவிட்டு எழும்பிவிட்டார், பக்கீர் சாப்பாட்டில் வெட்கப்படுகிற ஆள் இல்லை. வாப்பாவிடம் சொன்னால், உனக்கு உன்ட நிழலும் சந்தேகம் என்று ஏசினார்.

கடைசியில் பிரதான வீதியில் புதிதாகத் திறந்திருக்கும் கொமியுனிகேஷன் கடைக்குப் போனேன். அதை நடத்துவது ஆகிலா என்ற பிள்ளை, முகம் நல்ல முகம்தான், ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்து உறவு என்று கேள்வி, அதனால் நான் போனை விடவில்லை, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், மறு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள். சாச்சி, பைல்ல ஒரு பிழையுமில்ல, ஆப்லயும் பிழையில்ல, உங்கட போன்லதான் இடமில்ல, கட்டப் பிரிச்சுப் பரத்தி வைக்க இடம் வேணுந்தானே என்றாள். இடத்தையெல்லாம் எது பிடித்திருக்கிறது என்று பார்த்தால் முக்கால்வாசியும் உன் வொய்ஸ். இதுகள அழிச்சா சரி சாச்சி என்றாள். அழிக்கமாட்டேன் என்றேன். கேட்டு முடிஞ்சதுதானே என்றாள். கேட்டு முடித்தால் என்ன, மகனின் பேச்சு கேட்டு முடிகிற சாமானா. பிறகு அவளே ஒரு மெமரி கார்டைப் போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள், மாற்றும்போது அவள் காது கொடுத்துவிடாதபடி நான் பக்கத்திலேயே நின்றேன். சரியாக மாறிவிட்டதா என்று பார்க்க ஒன்றைத் தட்டினாள், உம்மா சாப்பிட்டீங்களா என்று உன் குரல் கடை முழுவதும் கேட்டது, போட்டோக் கொப்பி எடுக்க நின்ற ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு தொட்டதும் கட்டுப் பிரிந்தது. வெள்ளையாக இருந்த பக்கம் மெல்ல மெல்ல எழுத்தாக வந்தது. ஒன்றும் குறைவில்லை, வளவு முழுவதும் வீடு முழுவதும் தங்கச்சிக்கு என்று நீ சொன்னபடியே எழுதியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன், வாப்பா சத்தமாக வாசித்தார், பஸ்மினா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது மகன், பெற்ற பிள்ளையை இப்படி நினைத்துவிட்டேனே என்று மனம் சுட்டது. அந்த வெட்கத்தோடுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதில் இருந்த கையெழுத்து உன் கையெழுத்து இல்லை. நீ அ போட்டு அதன் வாலை இழுத்து முழுப் பெயருக்கும் கீழே கோடாக விடுவாய், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இது முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணிக்கொண்டு நின்றது. வேறு யாரோ வைத்த கையெழுத்து என்றேன். வாப்பா, தூதரகத்தில ஆள் முன்னுக்கு வெச்ச கையெழுத்து, வேற ஆக்கள் எப்பிடி வைக்கிற என்று சினந்தார். நான் விடவில்லை, அந்த இடத்தைப் பெரிதாக்கு என்று பஸ்மினாவிடம் சொன்னேன். அவள் இரண்டு விரலால் விரிக்கவும் கையெழுத்து ஒரு பக்கம் தள்ளிப்போய்ப் பக்கத்தின் ஓரம் தெரிந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று. கடதாசி மடிஞ்சிரிக்கி உம்மா என்றாள். அடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னேன், அதிலும் அதே இடத்தில் இருந்தது. எல்லாப் பக்கத்தையும் அப்படியே பெரிதாக்கிப் பார்த்தோம். அது மடிப்பு இல்லை. பெருவிரலிலிருந்து மணிக்கட்டு வரை துணி சுற்றிய கை, படம் எடுக்கும்போது கடதாசி பறக்காமல் அழுத்திப் பிடித்த உன் வலது கை.

இனி எனக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாததால்தான் வொய்ஸ். காட்ட முடியாததால்தான் முகத்துக்கு நெற் இல்லை. பக்கீரின் இரண்டு ஓமும் அதுதான். கோணல் கையெழுத்து உன் இடது கை. அன்றிரவே மெமரி கார்டில் உன் பழைய வொய்ஸ் எல்லாவற்றையும் மறுபடி கேட்டேன், பஸ் நிலையத்தில் நிற்கிறேன் என்று நீ சொன்ன ஒன்றில் உனக்குப் பின்னால் ஒரு பெண் அரபியில் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுகிறாள், பஸ் நிலையத்தில் யார் மகன் நம்பர் சொல்லி ஆள் கூப்பிடுவது. வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார், அன்றிலிருந்து என்னைச் சந்தேகக்காரி என்று சொல்வதில்லை. நீ எங்களைப் பயப்படுத்தக்கூடாது என்று மறைத்தாய், கலியாணம் தள்ளிப்போகும் என்றும் பயந்திருப்பாய், எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் போகவில்லை. நோவை வைத்துக்கொண்டு சாப்பிட்டீங்களா என்று என்னைக் கேட்டிருக்கிறாய், நான் ஓம் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆகையால் நான் முடிவெடுத்துவிட்டேன். உன் கையைப் பார்க்காமல் அந்தக் கடதாசி நொத்தாரிசு வீட்டு வாசலுக்குப் போகாது. பழைய உறுதியில் இருக்கும் கையெழுத்து வேறு இது வேறு என்று அவரும் கேட்பார், அது இருக்கட்டும், எனக்குக் கையெழுத்தைவிடக் கைதான் தேவை. மருதமுனைக்குக் கலியாணம் சுணங்கும், பிந்தித்தான் வைக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன், அவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். தங்கச்சியே, கூடப் பொறந்த காக்காட கையப் பார்க்காம எனக்கு வீடும் வேணாம் ஒண்டும் வேணாம் என்று சொல்லிவிட்டாள். நீ டாக்டர் சொன்னபடி நட, சுகமாகுமுன் வேலைக்கு இறங்காதே, முதலாளி நல்லவன் என்று நீ சொல்வதையும் நான் முழுதாக நம்பவில்லை, என்ன நடந்தது என்று எழுதி வாங்கி வைத்துக்கொள். தொழுகைக்கு வுழூச் செய்யும்போது கட்டுப் போட்ட கைக்குச் சலுகை உண்டு, அங்கே ஓர் ஆலிமிடம் கேள், தண்ணீர் படவிடாதே. கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, ஸிப் எல்லாம் வேண்டாம், தனிப் படமாக அனுப்பு, துணி சுற்றியபடி ஒன்று, டாக்டர் மருந்து கட்டும் நேரம் சுற்றாமல் ஒன்று. போனில் இப்போது இடம் தாராளமாக இருக்கிறது. பழைய படத்தை அனுப்பி ஏய்க்க நினைக்காதே, பெரிதாக்கிப் பார்க்க நான் பழகிவிட்டேன்.

அல்லாஹ் உன் கைக்கும் உடம்புக்கும் பூரண சுகத்தைத் தரட்டும், நீ உழைத்துத் தேடும் தேட்டத்தில் பரக்கத் செய்யட்டும், எந்தக் கையால் தங்கச்சிக்கு வீடு கட்டினாயோ அந்தக் கையால் நாளைக்கு உனக்குப் பிறக்கும் பிள்ளையைத் தூக்கவைக்கட்டும், ஆமீன். வாப்பாவும் பஸ்மினாவும் ஸலாம் சொல்கிறார்கள். பக்கீரிடம் இனிப்புக்குத் தொதலும், சோற்றுக்கு மாசிச் சம்பலும் கொடுத்திருக்கிறேன். சம்பலைப் போத்தலில் போடவில்லை, மூடியைத் திருக இரண்டு கை வேண்டும். பையில் போட்டு இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகக் கட்டியிருக்கிறேன், நானே இடது கையால் மட்டும் அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
மீ. றுகையா