சத்தம் போட்டுப் படிக்கிற பாடம்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் ஒரே புழுக்கம். துணி காயவில்லை.

30ஆம் தேதி சனிக்கிழமை, திருப்பதியில் தெலுங்குப் பரீட்சை. பாஸ் செய்தால்தான் பெண்கள் பள்ளியில் என் வேலை நிலைக்கும். ஆந்திராவாகிவிட்ட ஊரில் டீச்சருக்குத் தெலுங்கு எழுத வரவேண்டாமா என்கிறார்கள். நியாயம்தான். எனக்குப் பேச்சு வரும், எழுத்துதான் தகராறு.

படிக்க வேண்டியவை:
– வாசகப் புத்தகம், பாடம் 1 முதல் 12 வரை
– கடிதம் (தெருவிளக்கு எரியவில்லை என்று முனிசிபாலிடிக்கு)
– கட்டுரை: சுத்தம்
– கதையைச் சொந்த நடையில் எழுதுதல்

வேலூரில் காலேஜில் படித்த நாளில் இங்கிலீஷ் புத்தகத்தைப் படுத்துக்கொண்டே படித்தவள். இப்போது எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து ஒன்றாம் கிளாஸ் பிள்ளை மாதிரி. அதனால் ஒரு வழி. பாடத்தையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு ஆரஞ்சு அட்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பாஷை தெலுங்கு, எழுத்து தமிழ். அதைச் சத்தம் போட்டுப் படித்து மனப்பாடம் செய்வது, தெலுங்கு எழுத்தைத் தனியாக எழுதிப் பழகுவது. கண்ணால் படித்தால் எனக்கு ஏறாது, காதால்தான் ஏறும்.

மாலை 5 மணிக்கு மகள் மாலுவை மடியில் போட்டுக்கொண்டு பா. 7. எருமை கதை. "அனகனகா ஒக ஊள்ளோ ஒக கேதெ உண்டேதி." அனகனகா, அதாவது முன்னொரு காலத்தில், ஒரு ஊரில் ஒரு எருமை இருந்ததாம். தினம் ஆற்றைத் தாண்டி மேயப் போகும், விளக்கு வைக்கிற நேரம் திரும்பும். ஒருநாள் திரும்பவில்லை. கன்று கரையிலேயே நிற்கிறது. கடைசியில் வந்துவிடுகிறது. வந்துவிடும் என்று தெரிந்தும், அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. பரீட்சைப் பாடத்துக்கு அழுகிற ஒரே மாணவி நானாகத்தான் இருப்பேன்.

மாலு வரிக்கு வரி "உம்" கொட்டினாள். இவர் பழக்கிவிட்டது. கதை கேட்கிறவர் உம் கொட்டாவிட்டால் கதை சொல்கிறவருக்குத் தூக்கம் வந்துவிடுமாம்.

உம் மட்டும்தான். இரண்டு வயது ஒன்பது மாதம். இன்னும் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுகிறாள். நான் வேண்டுமென்றால் என் முந்தானையை இழுக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில். பள்ளியில் சாப்பாட்டு வேளையில் ஸ்டெல்லா ஒரு பொக்கிஷம் கொடுத்தாள். ஸ்டெல்லா தையல் டீச்சர், அவளுக்கும் 30ஆம் தேதி பரீட்சை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்து, அவளே ஊசிநூலால் பைண்டு செய்தது. நாற்பது வாரம்.

"பரீட்சைக்கு அப்பறம் படி. இப்பவே தொறந்த, நீ பெயிலு. நானும் பெயிலு, நீ வந்து கதை சொல்லிக்கினே இருப்ப."

அன்றே திறந்துவிட்டேன். சோறு வடித்துக்கொண்டே ஐந்து வாரம் முடிந்தது. ஒரு பெண் ரயிலில் தனியாக மதுரைக்குப் போகிறாள், அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அவள் ஜன்னல் கம்பியைப் பிடிக்கிற விதத்திலேயே வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரிகிறது. வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்துவிட்டேன். வாசகப் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் வாசலில் நின்று கதவைத் தட்டவேண்டியிருக்கிறது.

ராத்திரி படித்துக்கொண்டே போனால், பதினான்காம் வாரத்தில் ஒரு ஓட்டை! அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிற பக்கத்தில், சட்டைக் கை வடிவத்தில் காகிதமே இல்லை. பின்பக்கத்தில் ரவிக்கை அளவுப் படம் இருந்ததாம், வெட்டி எடுத்துக்கொண்டதாகக் கொடுக்கும்போதே ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். கடிதத்தில் மிஞ்சியது: "அம்மா, நான் இங்கே", பிறகு ஓட்டை, பிறகு "என்று நீ நினைக்காதே."

பெருக்கும்போதும் அந்த ஓட்டைதான் ஞாபகம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நகரியிலிருந்து அத்தை வந்துவிட்டார்கள், இவருடைய அம்மா. கையில் ஒரு மூட்டை நூல், மடியில் முறுக்கு. பரீட்சை முடிகிறவரை மாலுவைப் பார்த்துக்கொள்ள நான்தான் எழுதிக் கேட்டேன்.

வந்து அரைமணி ஆகவில்லை. நான் மாலுவை மடியில் வைத்துக்கொண்டு பா. 9 படிக்கிறேன். அத்தை வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்தபடியே:

"இன்னாம்மா இது. காலைல தமிழு, சாயங்காலம் தெலுங்கு. கொயந்த எதைன்னு புடிக்கும்? ரெண்டு பக்கமும் இழுத்தா அது வாயை மூடிக்கினுதான் கெடக்கும்."

இவர் கோர்ட்டிலிருந்து வந்து சட்டை கழற்றிக்கொண்டிருந்தார். "நீயே இப்பதான் கீரைக்காரிகிட்ட தெலுங்குல சண்டை போட்ட."

"அது சண்டைடா. பேச்சா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மனசில் ஒரு முள். ஒருவேளை அப்படித்தானோ? ஏப்ரலிலிருந்து நோட்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் வாய் திறக்கிற வயதில் என் பிள்ளை காதில் நான் என்னத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறேன்?

பிறகு அத்தை ஆந்திரா எல்லை விஷயம் பேசினார்கள். எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். "திருத்தணி அந்தப் பக்கம் போயிடும்ன்றாங்க. என் தங்கச்சி ஊட்டுக்குப் போவணும்னா இனிமே நான் வேற ராஜ்ஜியம் போவணுமா? தறியில உக்காந்தவளுக்கு எல்லாம் ஒரே பக்கம்தான்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

பள்ளிக்கு அரை நாள் லீவு. மாலுவை டாக்டரிடம் காட்டினோம். காதருகே மணி அடித்துப் பார்த்தார், திரும்பினாள். நாக்கு சரி. காது சரி.

"வீட்ல எத்தனை பாஷை?"

"தமிழ்தாங்க. நான் பரீட்சைக்குத் தெலுங்கு படிக்கிறேன், சத்தமா."

"கொஞ்ச நாள் ஒரே பாஷையில பேசிப் பாருங்க. ஆறு மாசம் பார்க்கலாம்."

அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

முடிவு: மாலு காதில் படும்படி இனிமேல் தெலுங்கு இல்லை. நோட்டு அலமாரி மேல்தட்டில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேகமூட்டம். இட்லிக்கு மாவு புளிக்கவில்லை.

கிணற்றடியில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பா. 8, 9, 10. ஒன்றும் ஏறவில்லை. ஒரே வரியை நாலு தடவை பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக் கோழி எண்ணினேன். ஏழு.

மாலுவுக்குத் தமிழ் கதை. டாக்டர் சொன்னதால் நிறுத்தி நிதானமாக. ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சாம். காக்கா. எங்கே, சொல்லு. கா-க்கா. அவள் என் வாயையே பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். "சொல்லுடா கண்ணு, ஒரு தடவை." மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். போய் அத்தையின் நூல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

தொடர்கதையைக்கூடத் தொடவில்லை. ரயில் பெண் நாலு நாளாக மதுரை ஸ்டேஷனிலேயே நிற்கிறாள் பாவம்.

ஆகஸ்ட் 27, புதன்

ஸ்டெல்லாவிடம் சொன்னேன், பரீட்சைக்கு வரப்போவதில்லை என்று.

"ஏன்டி?"

சொன்னேன்.

"எங்கண்ணன் நாலு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. எங்க ஊட்ல ஒரே பாஷைதான். அப்பறம் ஆரம்பிச்சான், இன்னிக்கு வரைக்கும் நிறுத்தல. வக்கீலா கீறான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக: "அழாத. ஸ்டாப் ரூம்ல பசங்க எட்டிப் பாக்குதுங்க."

மாலை. இவர் மாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"வேதா, நீ கவனிச்சியா? அஞ்சு நாளா இவ உம் கொட்டல."

கையில் கரண்டியோடு நின்றேன். ஆமாம். வீடு இத்தனை அமைதியாக இருப்பது எதனால் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குப் புரியவில்லை. நான் படிக்காததால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சத்தமும் சேர்ந்துதான் போயிருக்கிறது.

யோசித்து யோசித்து எழுதுகிறேன். தெலுங்கு படிக்கும்போது நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நானே தடுக்கி, நானே திருத்தி, என்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் கூட வந்தாள். தமிழில் கதை சொல்லும்போது அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பு மாதிரி.

இது சரியோ தப்போ, தெரியவில்லை. டாக்டர் படித்தவர். நான் பயந்தவள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நோட்டை இறக்கிவிட்டேன்.

அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் நோட்டைப் பார்த்தார்கள். முறம் வழக்கத்தைவிடச் சத்தமாக.

பா. 7. "அனகனகா ஒக ஊள்ளோ." மாலு தூரத்தில் தூணருகே. முதல் வரி, ஒன்றுமில்லை. இரண்டாம் வரி, ஒன்றுமில்லை. ஆற்றைத் தாண்டுகிற வரியில் வந்து மடியில் ஏறினாள். நான் அவளைப் பார்க்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டு படித்தேன்.

"உம்."

முறம் நின்றது. அப்புறம் மறுபடி புடைக்கத் தொடங்கியது.

பன்னிரண்டு பாடமும் படித்தேன். பன்னிரண்டு பாடத்துக்கும் உம் கொட்டினாள், கடைசியில் படித்த முனிசிபாலிடி கடிதத்துக்கும்கூட.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. காலை

நேற்று பரீட்சை. திரும்பியதும் எழுதத் தெம்பில்லை, இப்போது எழுதுகிறேன்.

விடிகாலை பஸ்ஸில் நானும் ஸ்டெல்லாவும். பூதலப்பட்டு தாண்டும்வரை அவள் "சுத்தம்" கட்டுரை ஒப்பித்தாள். சந்திரகிரி கோட்டை தெரிந்ததும் நிறுத்திவிட்டு மோர்சாதம் பிரித்தாள். பஸ் முழுக்க மலைக்கு மொட்டை போடப் போகிறவர்கள், கோவிந்தா போட்டுக்கொண்டு. எனக்கும் சேர்த்து ஒரு கோவிந்தா போட்டுக்கொண்டேன்.

முதல் கேள்வி: படித்த கதை ஒன்றைச் சொந்த நடையில் எழுதுக.

எருமை! பேனாவை எடுத்ததும் காதில் மாலுவின் உம். ஒரு வரி, ஒரு உம். அடுத்த வரி, அடுத்த உம். வாழ்க்கையில் இவ்வளவு சரளமாக நான் எதையும் எழுதியதில்லை. ஒன்றரைப் பக்கம். எருமை கரையேறிவிட்டது, கன்று முட்டிக் குடித்தாகிவிட்டது, எனக்குக் கண் கலங்கியும் ஆகிவிட்டது.

மேற்பார்வைக்கு வந்தவர் பக்கத்தில் நின்றார். குனிந்தார்.

"ஏமண்டி, இதேமிட்டி?" இது என்ன என்கிறார்.

பார்த்தேன். முழுக்கத் தெலுங்கு. முழுக்கத் தமிழ் எழுத்தில்! ஆரஞ்சு நோட்டில் இருப்பது மாதிரியே.

"ராஸிந்தி தெலுகே, கனபடேதி அரவம்" என்று சிரித்தார். எழுதியது தெலுங்குதான், பார்வைக்குத் தமிழாக இருக்கிறது என்று. கெட்ட மனிதர் இல்லை. மணி பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

குறுக்கே கோடு போட்டு அடித்தேன். மறுபடி முதலிலிருந்து, தெலுங்கு எழுத்தில், ஒவ்வொன்றாய். கட்டுரை முக்கால். தெருவிளக்குக் கடிதம் தொடவே இல்லை, அந்த விளக்கு எரியாமலே போகட்டும். பாஸா பெயிலா தெரியாது. ஸ்டெல்லா பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது கெடக்கட்டும், பதினாலாம் வாரத்து ஓட்டையில இன்னா இருந்துச்சின்னு சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். அது ஓட்டையாகவே இருக்கட்டும். அதில் நான் தினம் ஒன்று எழுதிப் பார்க்கிறேன்.

அதே நாள், மாலை 4

வெயில் தாழ்ந்து நல்ல காற்று. முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டேன், நேற்று நான் இல்லாமல் மாலு அழுதாளா என்று.

"அயுவல. நோட்டை எடுத்தாந்து என் மடியில போட்டுது. எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நீ நாளெல்லாம் கத்திக்கினு கெடந்தியே, அதைத்தான் சொன்னேன். அந்த எருமை."

"தெலுங்குலயா அத்தை?"

"எருமை எந்தப் பாஷையில வந்தா இன்னா. ஊடு வந்து சேர்ந்தா சரி."

முகத்தைத் திருப்பிக்கொண்டு காம்பு கிள்ளினார்கள்.

அப்போது மாலு உள்ளேயிருந்து நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எண்ணெய்க் கறை இருக்கிற பக்கம், பா. 7. என்னைப் போலவே முன்னும் பின்னும் ஆடினாள். வரியில் விரல் வைத்தாள்.

"அனகனகா."

தெளிவாக. பிசிறில்லாமல். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். எனக்கு வாய் வரவில்லை.  அவள் முகம் மெல்லச் சுருங்கத் தொடங்கியது, கதையை யாரும் கேட்கவில்லையோ என்று.

அவரைக்காயிலிருந்து தலை தூக்காமல் அத்தை சொன்னார்கள்:

"உம்."