கோல்ஃப் வர்ணனைக்கு மூன்று நாள்

மார்ச் 4, செவ்வாய்
விளையாட்டுச் சேனலில் கோல்ஃபுக்குத் தமிழ் வர்ணனை. மூன்று நாள் போட்டிதான் எனக்குச் சோதனை. தேறினால் வேலை நிரந்தரம். தயாரிப்பாளர் அக்கா கேட்டார்: “நீ ஆடியிருக்கியா?” “இல்லக்கா, நிறையப் படிச்சிருக்கேன்.” “நீச்சலும் அப்படித்தான் கத்துக்கிட்டியா?”
சிரிக்கட்டும். எனக்கு வரும்.

மார்ச் 6
தம்பியை உட்காரவைத்து ஒத்திகை. ஒரு குழியை, பந்தை இத்தனை முறை அடித்து முடிக்கலாம் என்று முன்பே வைத்திருக்கும் எண்ணிக்கைதான் பார். பார் நான்கு என்றால், மூன்றில் முடிப்பது பேர்டி, இரண்டில் ஈகிள், ஐந்தானால் போகி.
“கம்மியா எடுத்தவங்கதான் ஜெயிப்பாங்களா? பரீட்சையில நான் ரொம்ப நாளா இதைத்தானேக்கா ஆடுறேன்!”
அவனுக்கே புரிந்துவிட்டது. இனி யாருக்கும் புரியும்.

மார்ச் 14
முதல் நாள். நாக்கு எங்குமே தடுக்கவில்லை. வெளியே சொன்னால் கர்வம், இங்கே எழுதலாம்.

மார்ச் 15
இன்று மைக்கோடு ஆட்டக்காரிகளின் பின்னால் நடந்தேன். முன்னணியில் இருப்பவள் நீளப் பின்னல்காரி. நான் வைத்த பெயர் பின்னல். ஐந்தாம் குழி. பந்தைக் குழிக்குள் உருட்டக் குனிந்துவிட்டாள். அந்த மெல்லிய தள்ளலுக்குப் பட் என்று பெயர் என நான் விளக்கிக்கொண்டிருந்தேன். காற்று என் பக்கமிருந்து அடித்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து — தவறவிட்டாள். பேர்டி போயிற்று.
அவள் பை தூக்குபவர் சொன்னார்: “ஏம்மா, பாடம் நடத்தணும்னா பள்ளிக்கூடத்துக்குப் போ.”
குனிந்தால் வாய் மூடவேண்டும் — முதல் அத்தியாயத்திலேயே படித்ததுதானே? என் குரலை நானே ரசிச்சிட்டு இருந்தேன். வேறென்ன!
பின்னலிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.
அக்கா: “நாளைக்கு ஒரு நாள் இருக்கு. பாத்துக்கோ.”

மார்ச் 16, காலை
பயமில்லை. சொல்ல வேண்டியதை அவள் குனிவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

மார்ச் 16, மாலை
கடைசிக் குழி, பார் நான்கு. பின்னல் அடித்த பந்து ஒருமுறை மணல் பள்ளத்தில் போய், மூன்று அடிகள் செலவாகிவிட்டன. அவள் நடந்துவரும்போதே சொன்னேன்: “இது விழுந்தால் பார், கோப்பை. தவறினால் போகி, இருவர் சமம், இன்னொரு குழி ஆட வேண்டும்.” குனிந்தாள். நான் இல்லாதவள் போல நின்றேன்.
பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. அப்போதும் நான் பேசவில்லை. அவள் முகத்தை எல்லோரும் பார்க்கட்டும்.
அடுத்த குழியில் தோற்றாள்.

மார்ச் 19
அடுத்த போட்டி ஜூனில். அக்கா பயணச்சீட்டு அனுப்பியிருக்கிறார்.
அம்மா போனில்: “அந்தப் பின்னல் பொண்ணு கடைசியில போய் போகி அடிச்சிட்டாளேடி! எனக்குச் சாப்பாடே இறங்கல.”
அம்மாவுக்கு நான் கோல்ஃபைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.