என் கையெழுத்து பறித்த மனை

என் கணவர் இன்னாசிமுத்து அவர்களே, நம் மேசைமீது கிடக்கும் அநீதியைக் காண வாரீர்!

“ஊருக்கெல்லாம் நியாயம் பேசறியே, இங்க வந்து ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடு” என்று நேற்று அழைத்தீர்கள். வக்கீல் வேண்டாமென்று கடையில் வாங்கிய உயில் படிவத்தை நீங்களே நிரப்பி, மேல்பட்டாம்பாக்கத்து மனையை எனக்கே எழுதியிருந்தீர்கள். நானும் சாட்சியாக ஒப்பமிட்டேன். ஆர்வம் தாளாமல் இன்று சட்டத்தைப் புரட்டினேன். கிறிஸ்தவர் உயிலில் சாட்சியாக ஒப்பமிட்டவருக்கே எழுதிய சொத்து செல்லாதாம்! பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பழனிவேல் அண்ணன் போன்ற இந்துக்களுக்கு அந்தத் தடை இல்லையாம். ஏன் இந்த வேறுபாடு? மாலையில் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் கேட்கவே போகிறேன்.

நெத்திலிக் குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது.

பின்குறிப்பு: மனையை எனக்கென்று எழுதியது பிடித்திருந்தது, அதைச் சொல்லாமல் முறைத்துக்கொண்டேன். இப்போது அந்தப் படிவத்தைக் கிழித்தெறியுங்கள்! ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் பழனிவேல் அண்ணனையும் அவர் மனைவியையும் அழைத்து, அவர்கள் கண்ணெதிரே புதிய உயிலில் கையெழுத்திட்டு, அவர்களையே சாட்சிகளாக ஒப்பமிடச் சொல்லுங்கள்!

எவாஞ்சலின்