ஒரு முதலாளி, ஒரு விமானம்

அக்கா,

சலவைக்குப் போய்வந்த யூனிஃபார்ம் சட்டையை இன்று காலை உறையிலிருந்து எடுத்தேன். கஞ்சி மணம் மூக்கில் ஏறியதும், சாத்தூர் வீட்டுக் கொடியில் இதே போன்ற சட்டைகளை நீ காயப்போட்டுக்கொண்டு நின்ற நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கிடைத்திருந்தது. ஒன்று, பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானி. இன்னொன்று, சென்னையில் ஒரு தொழிலதிபரின் சொந்த விமானத்தை ஓட்டுவது. இரண்டாவதில் சம்பளம் கூடுதல், மரியாதையும் கூடுதல். அதற்கே போவதாகச் சொன்னேன். அச்சங்குளத்துப் பட்டாசு கம்பெனியில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்த நீ கேட்டாய்:

"எங்களுக்கு ஒரு கம்பெனி மூடுனா பக்கத்துல பத்து கம்பெனி இருக்கு. ஒம் மொதலாளி பிளேன வித்துட்டா நீ எங்கலே போவ?"

"அவுக அம்புட்டுப் பெரிய ஆளுக்கா" என்று சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, உலகமெங்கும் தொழில் படுத்த சமயத்தில், ஒரு திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். விமானத்தை விற்றாகிவிட்டது, ஆவணங்களை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றார். மூத்த விமானி, நான், பராமரிப்புப் பொறியாளர், மூன்று பேருக்கும் அன்றோடு வேலை முடிந்தது. யாரைக் கோபிப்பது? முதலாளி செலவைக் குறைத்தார். அந்தச் செலவு நாங்கள்.

லீவு என்று பொய் சொல்லி ஊருக்கு வந்தேன். மூன்று நாள் சமாளித்தேன். நான்காம் நாள் என் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டபடி, திரும்பிப் பார்க்காமலே கேட்டாய்.

"லீவுக்கு வந்தவன் எதுக்குலே எல்லா யூனிபாரத்தையும் அள்ளிக் கொண்டாந்திருக்க?"

சொல்லிவிட்டேன். அன்றைக்கே எச்சரித்ததைச் சொல்லிக்காட்டுவாய் என்று தலைகுனிந்து நின்றேன். நீ ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "மூணு நாளா ஒனக்கு ஒடம்புக்கு என்னமோன்னு பயந்து கெடந்தேன். வேலதானா? வா, சாப்பிடு" என்றாய். அந்த வாரம் முழுக்கத் தூங்காதவன் அன்று மதியம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

பத்து மாதம் அலைந்தேன். நான் ஓட்டிய வகை விமானத்துக்கு வேறு எங்கும் எளிதில் வேலை கிடைக்கவில்லை. வேறொரு வகைக்குப் புதிதாகப் பயிற்சி எடுத்தேன். கடைசியில், முன்பு வேண்டாம் என்று விட்ட அதே நிறுவனத்தில், என்னைவிட இளையவர்களுக்கும் கீழே, பணிமூப்புப் பட்டியலின் அடியில் சேர்ந்தேன். பட்டாசு கம்பெனிக்குள் செல்போன் கூடாது. நீ வேனிலிருந்து இறங்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அங்கனயும் ஆளக் கொறப்பாகளா?"

"கொறப்பாகக்கா. கடைசியாச் சேந்தவுகள மொதல்ல அனுப்புவாக."

"அப்ப நீ நிக்கிற எடமாவது தெரியுமே. அது போதும்லே."

மறு வருடம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சென்ற வாரம் இங்கும் ஆள் குறைத்தார்கள். பட்டியலின் அடியிலிருந்து வெட்டிக்கொண்டே வந்து, எனக்கு மூன்று பெயர் கீழே நிறுத்திக்கொண்டார்கள். போனவர்களை நினைத்தால் வலிக்கிறது. ஆனாலும் மூச்சு சீராக வருகிறது, பொய் சொல்லவில்லை.

ஆள்குறைப்புப் பட்டியல் வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே என் மனைவிக்குச் சொல்லிவிட்டேன். இருவரும் சேர்ந்தே பயந்தோம், சேர்ந்தே தேறினோம். அன்று உன்னை மூன்று நாள் பயத்தில் வைத்திருந்தவன், இப்போது வீட்டில் யாரையும் மூன்று நிமிடம்கூட அப்படி வைப்பதில்லை, அக்கா.