ஒட்டுப் போடக் கூடாத இடம்

மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, அந்த மட்டில் நலம். நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு ஆத்திரத்திலும் நினைக்கிறேன். இதையெல்லாம் போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். பேசத்தான் கூப்பிட்டேன். மேம்பாலத்தில் டயர் வெடித்தது என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் "ஒண்ணும் ஆகலையேம்மா, விடு, டயர்தானே, மாத்திக்கலாம்" என்றாய், மீட்டிங் இருக்கிறது என்று வைத்தும்விட்டாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசி வரைக்கும் படி.

செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வண்டி கொஞ்சம் இடது பக்கமாக இழுத்தது, காற்று குறைந்திருக்கும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், எக்ஸ்ரே அறையை அன்றைக்கு நான்தான் போய்த் திறக்க வேண்டும். மேம்பாலத்தில் ஏறும்போது ஸ்டியரிங் கைக்குள் நடுங்க ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறக்கத்துக்கு வந்து ஓரம் கட்டலாம் என்று பார்க்கிறேன், அதற்குள் டமார் என்று ஒரு சத்தம், வண்டி அப்படியே இடது பக்கம் சரிந்து பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துப் போகிறது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி, ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் என் பக்கக் கண்ணாடியை உரசாத குறையாகத் தாண்டிப் போனான். டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை மட்டும் விடாதே என்று எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த காலத்தில் உன் அப்பா ஓயாமல் சொல்வார். அதைத்தான் செய்தேன். சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கூரியர் வண்டி ஓட்டுகிற ஒருவர் நிறுத்திவிட்டு வந்து ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டிக்கொடுத்தார், நல்ல மனிதர், நன்றாக இருக்கட்டும். கழற்றின டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர்தான் கேட்டார், "ஏம்மா, இதுல ஏற்கெனவே உள்பக்கம் ஒரு ஒட்டு இருக்கே, சைடுல போய் யாரு ஒட்டுப் போட்டது" என்று. நான் ஒட்டே போடவில்லையே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பாவம் இந்த அம்மாவுக்கு மறதி போல என்று இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கூட வேலை செய்கிறவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நேராக, நாம் எப்போதும் போகிற டயர்க் கடைக்கு விட்டேன். டிக்கியைத் திறந்து காட்டினேன், கடைக்காரர் முகம் செத்துப்போனது. வாயைத் திறந்ததும் வந்த முதல் வார்த்தை "நான் அப்பவே சார்கிட்ட சொன்னேன்க்கா" என்பது. எந்த சார் என்று கேட்டேன். அதற்குப் பிறகு பல் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. போன வாரம் உன் அப்பா இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு, கடைக்கு முந்தின திருப்பத்தில் நடைபாதைக் கல்லில் மோதி, காற்று இறங்கின டயரோடு நொண்டி நொண்டி வந்து நின்றிருக்கிறார். பக்கவாட்டில் வாய் பிளந்த மாதிரி வெட்டு, உள்ளே நூல் தெரிந்திருக்கிறது. "தரையில படுற இடத்துல ஆணி குத்தினா ஒட்டலாம்க்கா, சைடுல ஒட்டவே கூடாது, ஓட ஓட அந்த இடம் மடிஞ்சு மடிஞ்சு நிமிரும், எந்த ஒட்டும் நிக்காது, மாத்தித்தான் ஆகணும்னு சொன்னேன்" என்றார். தெரிந்துகொண்டே எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "சார் உங்க பையனுக்குப் போன் போட்டுக் குடுத்துட்டாருக்கா" என்றார். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா இல்லையா தெரியாது, அந்த மனிதருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அண்ணே, நான் லீவுல வர்ற வரைக்கும் தாங்கினாப் போதும். புது டயர் போட்டா அம்மா பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. ஸ்டெப்னி மாட்டினாலும் தெரிஞ்சிடும். எப்படியாவது ஒட்டிக் குடுங்க, நான் பொறுப்பு" என்று சொன்னாயாம். கடைக்காரரை நான் சும்மா விடவில்லை. என் பையன் கேட்டால் ஸ்டியரிங்கையும் கழற்றிக் கொடுப்பீர்களா, தினமும் ஓட்டுகிறவள் நான், எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா என்று அங்கே காற்றுப் பிடிக்க நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீ எங்கே குனிந்தாய்?

ஒரு டயரை ஒட்டுவதா மாற்றுவதா என்று பார்க்கிறவர்கள் வெட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், நூல் அறுந்ததா, ரிம் வளைந்ததா என்று பார்ப்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் பார்த்தது ஒன்றே ஒன்று, அது என் கண்ணில் படுமா படாதா என்பது. புது டயர் பளபளவென்று காட்டிக் கொடுத்துவிடும், அதனால் புதுசு வேண்டாம். ஸ்டெப்னிக்கு வீல் கேப் கிடையாது, கறுப்பாகத் தெரியும், அதனால் ஸ்டெப்னியும் வேண்டாம். அம்மா கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் சரி, அம்மா இருந்தால் என்ன போனால் என்ன. நான் இப்படி எழுதுவது உனக்குச் சுருக்கென்று இருக்கும், இருக்கட்டும். படம் எடுக்கிற மேஜையில் தினமும் நான் பார்ப்பது என்ன? ஒன்றுமில்லை, லேசாக வலிக்கிறது என்று தானாக நடந்து வருவார், வெளியே வீக்கம்கூட இருக்காது, படத்தைப் பார்த்தால் எலும்பு விரிசல் விட்டிருக்கும். அந்த ஆளை நான் சும்மா தைலம் தடவிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் என்னை என்ன சொல்வாய்? அதைத்தான் நீ செய்தாய். கேட்டால் அப்பா பாவம் என்பாய். அப்பா பாவம்தான். கண்ணில் அழுத்தம் கூடி இடது பக்கப் பார்வை அடியோடு போய்விட்டது, இனி வண்டியைத் தொடக் கூடாது என்று கண் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான். சாவியை மாட்டுகிற ஆணியை அவர் தாண்டிப் போகும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன், தெரியுமா உனக்கு? அவரை ஓட்ட விடாமல் வைப்பதற்கு நான் இத்தனை நாள் இந்த வீட்டில் கெட்டவளாக இருந்தேன். நீ ஒரே போனில் நல்லவனாகிவிட்டாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்தது. இனிமேல் தெரியாதது. நான் கடையை விட்டுக் கிளம்பும்போது அந்த மனிதர் பின்னாலேயே வந்து, "குட்டிப் பொண்ணுக்கு இப்ப பரவால்லயாக்கா, பின்சீட்ல அழுதுக்கிட்டே இருந்துச்சு, நான்தான் தண்ணி வாங்கிக் குடுத்தேன்" என்றார். உன் அக்கா மகள் அந்த வண்டியில் இருந்திருக்கிறாள். இதை உன் அப்பா உன்னிடமும் சொல்லவில்லை, உன் குரலிலேயே எனக்குத் தெரிந்தது, தெரிந்திருந்தால் நீகூட அப்படிப் பேசியிருக்க மாட்டாய். வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அதை அணைத்தேன். அவர் மறுக்கவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும். "பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டாங்க, குட்டிக்குக் காய்ச்சல் கொதிக்குதுன்னு. நீயும் எடுக்கல, அவளும் எடுக்கல. நான் என்ன பண்றது" என்றார். அன்றைக்கு நான் கூட வேலை செய்கிறவளோடு அவள் வண்டியில் போயிருந்தேன், நம் வண்டி வீட்டில் நின்றது, எக்ஸ்ரே அறைக்குள் போனை எடுத்துப்போக மாட்டேன், உன் அக்கா வங்கிக் கவுன்டரில் இருந்தால் எடுக்க முடியாது, எல்லாம் சரி. வாடகைக் கார் கூப்பிடத் தெரியாதா என்று கேட்டேன். பக்கத்துத் தெருதானே என்றார். பிறகு குரலை உயர்த்தி, "பேத்திக்குக் காய்ச்சல்னாகூட யார் வண்டிக்காவது கையக் காட்டிட்டு நிக்கணுமா நான்" என்றார். அதைக் கேட்டு அவர் மேல் பாவமாக இருந்தது, ஆனால் கோபம் இம்மியும் குறையவில்லை. ஒரே சமயத்தில் இரண்டும் இருக்கும், உனக்கும் வயசானால் புரியும்.

சாயங்காலம் உன் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் இத்தனை நாளும் அப்பா வாடகைக் காரில்தான் அழைத்து வந்தார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் கையில் இருந்த பாத்திரத்தைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுக் குழாயை மூட மறந்து நிற்கிறாள். குட்டி அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. வெளியே வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தாவத் திட்டாத பாட்டி. என் தப்புதான்" என்றாள். என்னடி உன் தப்பு என்று தூக்கி மடியில் வைத்துக் கேட்டேன். "தாத்தா என்னை இடது பக்கம் பாத்துக்கிட்டே வரச் சொன்னாரு, ஏதாவது வந்தா சொல்லுன்னாரு. எனக்குத் தலை வலிச்சுது, கண்ண மூடிட்டேன். அதான் இடிச்சிடுச்சு" என்றாள். காய்ச்சலில் கொதிக்கிற குழந்தையைத் தன் இடது கண்ணாக வைத்து ஓட்டியிருக்கிறார் உன் அப்பா. அது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரமாக யாரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறது குழந்தை. நீங்கள் டயருக்குள் ஒட்டு வைத்து என்னிடம் மறைத்தீர்களே, அந்த மறைப்புக்குள் இவளும் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அன்றைக்கே புது டயர் மாட்டியிருந்தால் நான் கேட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அன்று சாயங்காலமே குழந்தை வாயைத் திறந்திருக்கும். உனக்கு என் மேல் பயம் என்றால் என்னோடு சண்டை போடு, எனக்குத் தெரியாமல் உன் அப்பாவைக் காப்பாற்றாதே.

உன் அப்பாவிடம் குழந்தை சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். மறுநாள் தானே ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டு உன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார், அவள் கதவைத் திறந்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாளாம். இவர் குட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தப்பு தாத்தாவோடது, உன்னுடையது இல்லை, தாத்தாவுக்கு அந்தப் பக்கம் கண் தெரியாது, ஓட்டினதே தப்பு என்று சொல்லியிருக்கிறார். கண் தெரியாது என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து லைசென்ஸை என் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "நீயே வச்சுக்கோ" என்றார். வைத்துக்கொண்டேன். உன் அக்கா இன்னும் அவரோடு பேசவில்லை, பேசு என்று நானும் சொல்லவில்லை, அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசட்டும்.

வண்டியைப் பொறுத்தவரை முன்பக்கம் இரண்டு டயரும் புதுசாக மாற்றியாகிவிட்டது. ஒன்று போதும்க்கா என்றார் கடைக்காரர், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் தேய்ந்தது என்று எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரிம்மைச் சுற்றவிட்டுக் காட்டச் சொன்னேன், வளைவு இல்லை. வலது பக்கம் இருந்த பழையது நன்றாக இருந்ததால் அது ஸ்டெப்னிக்குப் போயிற்று. வெடித்த டயரை அவர் கேட்டார், தரவில்லை, கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. நீ லீவில் வரும்போது அந்த வெட்டுக்குள் விரலை விட்டுப் பார். மற்றபடி மாடியில் தண்ணீர் ஒழுகுவது நின்றது, சின்ன மாமாவின் முழங்கால் வலிக்கு நானே படம் எடுத்தேன், பயப்பட ஒன்றுமில்லை, தேய்மானம்தான். நீ இரவில் கண் விழித்து வேலை செய்கிறாய் என்று மருமகள் சொன்னாள், அந்தத் தூக்கக் கலக்கத்தில் வண்டி எடுக்காதே. இனி இந்த வீட்டு வண்டியில் எது உடைந்தாலும் எது கிழிந்தாலும் ஓட்டுகிறவளிடம்தான் கேட்க வேண்டும், உன் அப்பா போன் செய்தாலும் அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல், அந்த ஒரு வார்த்தை உன் வாயில் வர வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்யாதே, உன் அப்பாவுக்கும் வேண்டாம். குட்டிக்குச் செய். அவளிடம் நீ செய்ததை நீயே சொல், மாமாதான் மறைக்கச் சொன்னேன், உன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல். ஒரு தடவை சொன்னால் போதாது. நேற்று காலையில் நான்தான் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். பின்சீட்டில் இடது ஜன்னலில் மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு, பாட்டி சைக்கிள் வருது, பாட்டி நாய் நிக்குது, பாட்டி ஒரு மாமா நடந்து போறாரு என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணே, பாட்டிக்கு இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிகிறது, நீ உன் பாட்டுக்கு வேடிக்கை பார் என்றேன். சரி பாட்டி என்றாள். அடுத்த திருப்பம் வந்ததும் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாட்டி, கல்லு" என்றாள்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நல்லபடியாக, ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, குட்டி தூங்கப் போவதற்குள் செய்.

இன்னும் கோபம் தீராத
உன் அம்மா